தாயமும் நெய்வேலி நிலமும்

முன்னோரிடமிருந்து வழிவழியாக வரும் உடைமையைத் தமிழர் ‘தாயம்’ என்றனர். அதில் பங்குபெறும் உரிமையுடைய உறவினர் ‘தாயாதி’ எனப்பட்டனர். ஈழத்தமிழர் அவ்வுடைமையை ‘முதுசொம்’ என வழங்குவர். ‘சொம்’ என்பது சொத்தைக் குறிக்கும் சொல்லாகும். உழவர் குடியில் தாயம் என்பது பெரும்பாலும் நிலமே. தந்தை உழுத நிலத்தை மகன் உழுவான். அதன் விளைச்சல் தலைமுறைதோறும் தொடரும்.

இன்றைய கடலூர் மாவட்டத்திலுள்ள நெய்வேலியில் இத்தாயம் வேறு வடிவம் பெற்றது. 1930களில் ஜம்புலிங்கனார் என்னும் நிலக்கிழார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீருடன் கரிய பொருள் வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி. பின்னர்ச் சுரங்கத்தொழிலுக்கென அவர் 600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தை அரசுக்கு வழங்கினார். தம் வழியினருக்கு உரியதாக இருந்த நிலம் நாட்டுக்கு உரியதாயிற்று. 1956ஆம் ஆண்டு நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றியது. 1962இல் அங்கு மின்னுற்பத்தி தொடங்கியது.

கொடையாக வந்த நிலம் சிறிதே. சுற்றுப்புற ஊர்களின் நிலங்கள் இழப்பீடு அளித்துக் கையகப்படுத்தப்பட்டன. மனமுவந்து கொடுப்பதும் சட்டத்திற்கு உட்பட்டு இழப்பதும் ஒன்றல்ல. நிலம் ஆண்டுதோறும் விளையும். இழப்பீட்டுத் தொகையோ ஒரு தலைமுறைக்குள் செலவாகிவிடக்கூடும். ஆதலால்தான் நிலம் இழந்தோர் பணத்துடன் தம் பிள்ளைகளுக்கு வேலையும் கேட்கின்றனர். தாயத்திற்கு ஈடாகத் தாயமாய்த் தொடரத்தக்க ஒன்றையே அவர்கள் வேண்டுகின்றனர்.

நகரியத்தில் வாழும் ஊழியர் நிலை வேறு. அவர்கள் குடியிருக்கும் வீடு நிறுவனத்திற்கு உரியது. பணி ஓய்வுக்குப்பின் அதனை ஒப்படைத்துவிட வேண்டும். பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீடாயினும் அதனை அவர்களுக்கு எழுதிவைக்க இயலாது. அங்கே பெற்றோர் விட்டுச்செல்லத்தக்க தாயங்களுள் தலையாயது கல்வியே.

நிலக்கரியும் ஒரு முதுசொம்மே. மண்ணுக்கடியில் பன்னெடுங்காலமாகச் சேர்ந்த அது, எரிந்தபின் மீளாது. அகழ்ந்து முடித்த பள்ளங்களை மண்ணிட்டு நிரப்பி மரம் வளர்க்கின்றனர். அம்மண் மீண்டும் வளம்பெறுமா, நிலத்தடி நீர் நிலைக்குமா என்பன அடுத்த தலைமுறையைச் சாரும் வினாக்கள். ஊருக்கு ஒளி தருவதற்காகத் தம் தாயத்தை இழந்தவர்களின் பிள்ளைகளுக்கு அவ்வினாக்களுக்கு விடைபெறும் முதலுரிமை உண்டு.

கற்பவை கற்றபின்

உங்கள் குடும்பத்தில் நிலம், தொழில், கல்வி ஆகியவற்றுள் தலைமுறை கடந்து வந்தது எது? வீட்டுப் பெரியோரிடம் கேட்டு ஒரு பத்தி எழுதுக.