சர்க்கரை நோயாளியின் பாதம் காக்கும் சாப்பாட்டுக் குறிப்புகள்

1. சாப்பிடும் வரிசையை மாற்றுங்கள். முதலில் பொரியல், கூட்டு, சுண்டல் அல்லது முட்டை. அதன் பிறகு சோறு. அதே அளவு சோறுதான், ஆனால் கடைசியில் சாப்பிட்டால் சர்க்கரை மெதுவாக ஏறும். சர்க்கரை வருடக்கணக்கில் கூடியே இருந்தால் நரம்புகளும் மெல்லிய ரத்தக் குழாய்களும் கெட்டுப்போகின்றன. உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை. அதனால்தான் எரிச்சலும் மதமதப்பும் பெரும்பாலும் கால்விரலில் ஆரம்பிக்கின்றன.

2. கேழ்வரகு நல்லதுதான். ஆனால் நைசாக அரைத்த மாவை நீர்க்கக் காய்ச்சிச் சொம்பு சொம்பாகக் குடித்தால் சர்க்கரை கிடுகிடுவென ஏறும். முருங்கைக்கீரையும் வெங்காயமும் நிறையப் போட்டு அடையாகத் தட்டி, அளவோடு சாப்பிடுங்கள்.

3. கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை, தேன் எல்லாமே சர்க்கரையை ஏற்றும். இதில் விதிவிலக்கு கிடையாது.

4. மெட்பார்மின் மாத்திரையைப் பல ஆண்டுகளாகச் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். அந்தக் குறைபாடும் ஊசி குத்துவது போன்ற வலியையும் மரத்துப்போவதையும் தரும். ‘எல்லாம் சுகரால்தான்’ என்று விட்டுவிடாமல் பி12 ரத்தப் பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள். முட்டை, மீன், இறைச்சி, பால், தயிரில் பி12 உண்டு. காய்கறியிலும் பருப்பிலும் கிடையாது. சைவம் சாப்பிடுகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

5. காலில் புண் வந்ததும் முட்டை கூடாது, மீன் கூடாது, பருப்பு போட்டால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் போடுகிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து வேண்டாம். புதுச் சதை வளரப் புரதம் வேண்டும். வெறும் ரசம் சோற்றில் அது போதிய அளவு இல்லை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. காலையில் முட்டையோ பாசிப்பயறு தோசையோ, மதியம் மீன் குழம்போ கெட்டிப் பருப்போ, மாலையில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் என்று மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு மட்டும் புரதத்தின் அளவை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

6. புண் ஆற வைட்டமின் சியும் தேவை. நெல்லிக்காய், அதிகம் பழுக்காத கொய்யா நல்லவை. ஜூஸாக்காமல் கடித்துச் சாப்பிடுங்கள்.

7. ஒரு நாளுக்கு எல்லாம் சேர்த்து 5 கிராம் உப்பு, அதாவது ஒரு டீஸ்பூன், போதும். ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாயில் உள்ளதும் இதில் அடக்கம். உப்பு கூடினால் ரத்த அழுத்தம் ஏறும். கால் வீக்கம் உள்ளவர்களுக்கு வீக்கமும் அதிகமாகும். வீங்கிய காலில் செருப்பு வார் உராய்ந்தே புண் வந்துவிடும்.

8. சிகரெட், பீடி, வெற்றிலையோடு போடும் புகையிலை அறவே வேண்டாம். காலுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும்.

9. தைப்பூசத்துக்கு விரதமிருந்து பழனிக்கு நடக்கிறவர்கள் முன்கூட்டியே மாத்திரை, இன்சுலின் அளவை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். சர்க்கரை மிகவும் இறங்கி வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரை அளவைப் பாருங்கள். மரத்த காலோடு வெறுங்காலில் தார்ச்சாலையில் நடந்தால் கொப்புளம் வந்ததுகூடத் தெரியாது. முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார், செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.

10. இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கீழே ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். சிவப்பு, வெடிப்பு, கொப்புளம், விரலிடுக்கில் ஈரம் எது இருந்தாலும் மறுநாளே டாக்டரிடம் காட்டுங்கள்.