பழக்கூடை மட்டும் போதாது



சென்ற ஆண்டு ஒரு வீட்டுக்கு நோய் விசாரிக்கப் போயிருந்தோம். பக்கவாதம் வந்து அந்த வீட்டு அத்தாவுக்கு வலது கையும் காலும் செயலிழந்திருந்தன, பேச்சும் வரவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஆறு வாரம் ஆகியிருந்தது. மகன் சவூதியில். அம்மாவும் மருமகளும்தான் பார்த்துக்கொண்டார்கள். மேசை மேல் ஆப்பிளும் ஆரஞ்சும் அழுகிக் கிடந்தன. கதவோரம் நின்ற மருமகள் சொன்னார்: "பழம் நிறைய வந்துச்சு மாமா. இப்ப யாரும் வர்றதில்ல. ஒரு மணி நேரம் கூட உட்கார ஆள் இருந்தா, நான் கொஞ்சம் தூங்கிக்குவேன்."

நாங்கள் தலைகுனிந்தோம். நோயாளியை விசாரிப்பது கடமை என்று அறிந்தவர்கள் நாம். ஆனால் முதல் வாரத்தோடு அந்தக் கடமை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். பக்கவாதத்தில் முதல் சில மாதங்களில்தான் உடல் வேகமாகத் தேறும். பயிற்சி தொடர்ந்தால் அதன் பிறகும் முன்னேற்றம் உண்டு. ஊரார் வரத்து நின்றுபோகும் அந்த மாதங்களில்தான் குடும்பத்துக்கு ஆள் தேவை.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

படுத்த நிலையில் தண்ணீரோ கஞ்சியோ கொடுக்க வேண்டாம். புரையேறி நுரையீரலுக்குள் போய்விடும். நிமிர்த்தி உட்கார வைத்து, சிறிது சிறிதாகக் கொடுங்கள். சாப்பிட்ட பிறகும் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும். செயலிழந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு விலகக்கூடும். எழ முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்தால் படுக்கைப்புண் வரும் ஆபத்து குறையும்.

பேச முடியாதவருக்கு நாம் பேசுவது புரியாது என்று எண்ணாதீர்கள். பலருக்கு நன்றாகவே புரியும். ஆம், இல்லை என்று தலையசைத்துப் பதில் சொல்லும்படி ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக் காத்திருங்கள். அவர் எதிரிலேயே செலவுக் கணக்கும் கடனும் பேச வேண்டாம். காரணமில்லாமல் அழுதாலும் கோபப்பட்டாலும் அது நோயின் விளைவாக இருக்கலாம், டாக்டரிடம் சொல்லுங்கள்.

"புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும்" என்பவர்களை நம்பி பிசியோதெரபியை விட்டுவிடாதீர்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நாமாக நிறுத்தக் கூடாது. இரண்டாவது முறை பக்கவாதம் வரும் ஆபத்து உண்டு. முகம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சு குழறுவது என எது திடீரென வந்தாலும் உடனே 108-ஐ அழையுங்கள். இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

தொழுகை

அந்த அத்தா ஃபஜ்ரில் முதல் ஸஃப்பில் நின்றவர். ஓத நாக்கு வரவில்லை, சிறுநீர் அடக்க முடியவில்லை என்ற வெட்கத்தில் தொழுகையையே விட்டிருந்தார். இமாம் அவர்கள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினார்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதற்கும் முடியாதவர் ஒருக்களித்துப் படுத்தும் தொழலாம் என்று நபி (ஸல்) அவர்கள் இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்குச் சொன்னது புகாரியில் பதிவாகியுள்ளது. ஒளூ, நோன்பு, ஃபித்யா பற்றிய சட்டங்களை உங்கள் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

நாம் செய்யக்கூடியது

மாமனாரை மருமகள் குளிப்பாட்டுவது இருவருக்கும் சங்கடம். அதனால் ஏழு ஆண்கள் ஆளுக்கொரு நாள் என முறை வைத்துக்கொண்டோம். அஸருக்குப் பிறகு ஒரு மணி நேரம்: உடம்பு துடைப்பது, பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சி, கொஞ்சம் ஊர்ப் பேச்சு. அந்த நேரத்தில் மருமகள் தூங்கினார். மதியச் சோற்றைப் பக்கத்து வீட்டுப் பெண்கள் முறை வைத்துக் கொடுத்தார்கள். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பெயர் பதிந்தோம். மாத்திரையும் பிசியோதெரபியும் வீடு தேடி வந்தன.

இன்று அவருக்குப் பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. ஆனால் ஊன்றுகோலுடன் ஜும்ஆவுக்கு வருகிறார், நாற்காலியில் அமர்ந்து தொழுகிறார். அல்ஹம்துலில்லாஹ்.

முதுமையில் பெற்றோரிடம் சலிப்பைக்கூடக் காட்டக் கூடாது என்பது குர்ஆனின் கட்டளை. இரவெல்லாம் விழித்திருப்பவருக்கு அந்தச் சலிப்பு வராமல் காப்பது அண்டை வீட்டாரான நம் பொறுப்பு. வாரம் ஒரு மணி நேரம் தர முடிந்தவர்கள் ஜும்ஆவுக்குப் பிறகு டிரஸ்ட் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். இப்படி ஒரு வீடு உங்கள் தெருவில் இருந்தால் அதையும் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்படுபவர்களே அதிகம்.

நோயுற்ற நம் பெற்றோருக்கு அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், பணிவிடை செய்வோருக்குப் பொறுமையையும் தருவானாக. ஆமீன்.