கலப்பையைச் சுருக்குதல்

குறைந்த கட்டண விமானத்தில் ஊர் திரும்பும் மாணவருக்கு 7 கிலோ என்பது மறக்க முடியாத எண். கைப்பையும் மடிக்கணினியும் அதற்குள் அடங்க வேண்டும். நம் வீடுகளிலோ பைக்குள் முதலில் ஏறுவது ஊறுகாயும் மைலோவும். துணிக்கு இடம் பிறகுதான். எதை எடுப்பது, எதை விடுவது என்று திண்டாடும் நாம், சங்க இலக்கியத்தில் வரும் ஒரு பையை அறிந்துகொள்வது நல்லது. அதன் பெயர் கலப்பை.

உழவுக் கருவியை எண்ண வேண்டாம். கலமும் பையும் சேர்ந்தது கலப்பை. கலம் என்பது இங்கே இசைக்கருவியைக் குறிக்கும். ஊர் ஊராக நடந்து கலை வளர்த்த பாணரும் கூத்தரும் தம் கருவிகளை இட்டுக் கட்டிய பை இது.

583 அடிகள் கொண்ட மலைபடுகடாமின் தொடக்கத்திலேயே இப்பையைக் காண்கிறோம். முழவு, ஆகுளி, பாண்டில், கொம்பு, குழல், பதலை என்று கூத்தர் சுமந்த கருவிகளைப் பெருங்கௌசிகனார் அடுக்கிச் சொல்கிறார். அடுத்து, கட்டிய முறையையும் சொல்கிறார். இருபுறமும் எடை ஒத்திருக்குமாறு பைகளைச் சுருக்கிக் காவில் தொங்கவிட்டிருக்கிறார்கள். பலாமரத்தில் கொத்தாகத் தொங்கும் காய்களைப் போல் அவை தோன்றுகின்றனவாம். கா என்பது தோளில் வைத்துச் சுமக்கும் தண்டு. தைப்பூசத்தில் நாம் காணும் காவடியிலும் இந்தக் கா உண்டு. ஒற்றைத் தோளில் பையை மாட்டிக்கொண்டு விரிவுரை மண்டபத்துக்கு ஓடுவோர் இவ்விடத்தைச் சற்று நிறுத்திப் படிக்கலாம்!

இப்பட்டியலில் சோறும் இல்லை, மாற்றுத்துணியும் இல்லை. வழியிலுள்ள சிற்றூர்களில் தினைச்சோறு கிடைக்கும் என்று அதே பாட்டு கூத்தருக்கு உறுதி கூறுகிறது. பொருநராற்றுப்படையில் பொருநனின் தையல் போட்ட கந்தலைக் களைந்து, பாம்பின் தோல் போன்ற மெல்லிய ஆடையைக் கரிகாலன் தருகிறான். ஆகவே, பை இலேசாக இருந்ததற்குச் சிக்கனம் மட்டும் காரணமன்று. போகுமிடத்தில் விருந்தோம்புவோர் இருப்பர் என்ற நம்பிக்கையும் காரணம். அந்த நம்பிக்கையில்லாமல் அயலூர் விடுதிக்குப் போகிறவர் மைலோவைக் கட்டிக்கொண்டு போனால் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

புறநானூற்று 206ஆம் பாடலில் இதே பை வேறொரு வேலை செய்கிறது. அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் தரக் காலம் தாழ்த்துகிறான். ஔவையார் வாயிற்காவலனை விளித்து, கலத்தைக் காவில் ஏற்றிவிட்டேன், கலப்பையையும் சுருக்கிவிட்டேன் என்கிறார். கைத்திறமுள்ள தச்சன் மக்களுக்குக் காடெல்லாம் மரம் கிடைப்பதுபோல் தமக்கு எத்திசையிலும் சோறு கிடைக்குமாம். தச்சன் பிள்ளை கையில் கொண்டுபோவது மழுவை, மரத்தையன்று. புலவரின் சினத்துக்குப் பின்னால் நொடியில் கட்டி எடுத்துவிடக்கூடிய ஒரு சிறு பை இருக்கிறது. பத்து மூட்டையோடு வந்தவர் அரண்மனை வாயிலில் நின்று இப்படிப் பேசியிருப்பாரா என்பது ஐயமே.

இரண்டு பாட்டிலும் வரும் வினை சுருக்குதல்தான். வெற்றிலைபாக்கும் சில்லறையும் போட்டு நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பையில் அச்சொல் இன்றும் வாழ்கிறது.