கூரைமேற் கூரை: தார்ப்பாயின் நன்மையும் தீமையும்

மும்பையில் பருவமழை ஜூன் 11-ஆம் நாளையொட்டித் தொடங்கி, அக்டோபர் முதல் வாரம் வரையில் நீடிப்பது வழக்கம். அதற்கு முன்பே தாராவியின் தகரக் கூரைகள் நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொள்கின்றன. தரைவீட்டின்மேல் எழுப்பி, சந்துப்பக்கம் சற்றே நீட்டிவிட்ட மாடி அறைகளுக்கு இப்போர்வை பெரிதும் வேண்டப்படுகிறது. மாட்டுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் பழைய கட்டடங்களிலும் இதனைக் காணலாம். இதனால் விளையும் நன்மை யாது, தீமை யாது என்பதை ஆராய்வோம்.

முதலில் நன்மைகள். நீட்டிய அறையில் மழைநீர் பெரும்பாலும் தகட்டின் வழியே புகுவதில்லை. தகடும் சுவரும் கூடும் மூட்டின் வழியாகவும், ஆணித்துளைகளின் வழியாகவுமே புகும். தார்ப்பாய் இவ்விரண்டையும் மூடுகிறது. புதுத் தகடு மாற்றுவதைவிடச் செலவும் குறைவு. தகட்டைத் தொடாமல் சிறிது உயரத்தில் கட்டினால், இடையே காற்று ஓடி வெயிலின் கொடுமையும் தணியும். அமெரிக்காவில், வெளியே இழுத்து நீட்டும் அறைகளைக் கொண்ட வீட்டு வண்டிகளிலும், அந்த அறைகளின் மேல் இவ்வாறே துணி விரிக்கின்றனர். சிக்கல் ஒன்றாதலின் தீர்வும் ஒன்றாயிற்று.

இனித் தீமைகள். முதலாவது, தேங்கும் நீர். ஒரு சதுர மீட்டர் பரப்பில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர் நீர் சேரும்; அதன் எடை 1 கிலோகிராம். தொய்ந்த பாயில் அதே பரப்பில் 10 சென்டிமீட்டர் ஆழத்திற்கு நீர் நின்றால் அதன் எடை 100 கிலோகிராம்! 2005 ஜூலை 26-27இல், 24 மணி நேரத்தில் சாந்தாகுரூசில் 944 மில்லிமீட்டர் மழை பெய்ததை நினைவுகூர்க.

இரண்டாவது, காற்று. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகக் காற்று, ஒரு சதுர மீட்டரில் ஏறத்தாழ 17 கிலோகிராம் எடைக்கு ஒத்த அழுத்தம் தரும். வேகம் இருமடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். தளர்வாகக் கட்டிய பாய் படபடவென்று அடித்து, வளையங்களில் கிழியும். சில வேளை தகட்டையும் பெயர்த்துச் செல்லும்.

மூன்றாவது, மறைவு. தகட்டோடு ஒட்டிக் கிடக்கும் பாயின் அடியில் ஈரம் உலராது, துரு வளரும். பாய் மூடியிருப்பதால் ஓட்டையும் கண்ணுக்குப் படாது. வெயிலில் பிளாஸ்டிக் இழைகள் நொறுங்குவதால், சென்ற ஆண்டின் பாய் இவ்வாண்டு முதல் காற்றிலேயே கிழியக்கூடும்.

எனவே தார்ப்பாய் வேண்டுமா, வேண்டாவா என்பதன்று கேள்வி. அதனை எவ்வாறு கட்டுவது என்பதே கேள்வி என்று நான் கருதுகிறேன். நடுவே ஒரு மூங்கிலை உயர்த்தி நல்ல வாட்டம் கொடுத்தல் வேண்டும். எல்லா வளையங்களிலும் கயிறு இறுகக் கட்டுதல் வேண்டும். வடியும் நீர் அண்டை வீட்டுச் சுவரில் விழாமல் வழிசெய்தல் வேண்டும். மழை ஓய்ந்ததும் பாயைக் கழற்றி உலர்த்தி வைத்தல் நன்று. யாவற்றிற்கும் முன்பாக, ஏப்ரல் மாதத்திலேயே மூட்டுகளையும் ஆணித்துளைகளையும் அடைத்துவிடல் வேண்டும்.

மழைக்கு முன் தாராவி உறவினர்க்கும் நண்பர்க்கும் பாய் கட்டித்தரச் செல்லும் மாணவர் நம்முள் பலர். அப்பாயின் கீழ்ப் பிள்ளைகள் உறங்குவர். தையல் எந்திரமும் தோற்பொருளும் அங்கேதான் இருக்கும். ஆதலின், கயிற்றை முடிவதற்கு முன் ஒரு குவளை நீரை மேலே ஊற்றிப் பாருங்கள். நில்லாது ஓடினால் முடியுங்கள். நின்றால் மூங்கிலை இன்னும் உயர்த்துங்கள்.