பழைய வாஷிங் மெஷினுக்குப் புது வண்ணம்

திருவனந்தபுரம் கடலோர நகரம். அங்கே காற்றில் உப்பும் ஈரமும் உண்டு. பெயிண்ட் உரிந்த இடத்தில் இரும்புத் தகடு விரைவில் துருப்பிடிக்கும். தகடு ஓட்டையாகிவிட்டால் மெஷினைக் காப்பது கடினம். துரு சிறிதாக இருக்கும்போதே வண்ணம் பூச வேண்டும்.

முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும். தண்ணீர்க் குழாயைக் கழற்ற வேண்டும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். ஈயத் தூசி குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் விதி 2017இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பழைய பெயிண்டை உலர்ந்த நிலையில் சுரண்டக் கூடாது. மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணிய வேண்டும். வாட்டர் பேப்பரை நனைத்துப் பிழிந்து தேய்க்க வேண்டும். மோட்டார், வயர் பக்கம் ஈரம் படக் கூடாது. கசடை ஈரத்துணியால் துடைத்து எடுக்க வேண்டும். குழந்தைகளை அருகில் விடக் கூடாது.

தகடு நன்றாக உலர்ந்ததும் ரெட் ஆக்சைடு பிரைமர் பூச வேண்டும். அது காய்ந்தபின் எனாமல் பெயிண்டை மெல்லியதாக இரண்டு முறை பூச வேண்டும். மழை நாள் இதற்கு ஏற்றதல்ல.

எர்த் கம்பி தகட்டைத் தொடும் இடத்தில் பெயிண்ட் பூசக் கூடாது. பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. எர்த் சரியில்லாவிட்டால் ஷாக் அடித்து உயிர் போகலாம். எலக்ட்ரீஷியன் சோதித்த பிறகே மெஷினை ஓட்ட வேண்டும்.

தெரிந்துகொள்வோம்: பெயிண்டுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு என்னும் தூள். கடற்கரைக் கருமணலில் உள்ள இல்மனைட் தாதுவிலிருந்து இதைத் தயாரிக்கிறார்கள். இதற்கான தொழிற்சாலை திருவனந்தபுரம் கொச்சுவேளியில் உள்ளது. அந்த நிறுவனம் 1946இல் தொடங்கப்பட்டது.

கேள்விகள்
1. பழைய பெயிண்டை ஏன் நனைத்துத் தேய்க்க வேண்டும்?
2. எர்த் கம்பி இணையும் இடத்தில் ஏன் பெயிண்ட் பூசக் கூடாது?