ஆறு நன்மை, ஆறு தீமை

எட்டாம் வகுப்பில் ‘நன்மை தீமைகளை எழுதுக’ என்று சொன்னால் போதும், பிள்ளைகள் தாளின் நடுவே கோடு போட்டுவிடுவார்கள். இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் ஆறு. தலைப்பு தொலைக்காட்சியாக இருந்தாலும் கைபேசியாக இருந்தாலும், ‘அளவோடு பயன்படுத்தினால் நன்மையே’ என்று கடைசி வரி ஒன்றாகத்தான் இருக்கும். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. திருத்தும்போது நாமும் குறிப்புகளை எண்ணித்தானே மதிப்பெண் போடுகிறோம்?

நான் கணித ஆசிரியை. இந்தப் பாடத்தை நடத்த வேண்டி வந்தது கணிதத்தால் அல்ல. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் முடிந்த ஒரு மாலையில் ஒரு தாய் என்னைத் தனியே நிறுத்தினார். “பையன் கேமிங் டேப் வேணும்னு ரெண்டு நாளா சாப்பிடாம இருக்கான் டீச்சர். காலாண்டுல நல்ல மார்க் வாங்குனா வாங்கித் தரேன்னு அவங்கப்பா வாய விட்டுட்டாரு. இருபத்துநாலாயிரமாம். தவணைல தராங்களாம். நீங்க சொன்னாக் கேப்பான்.”

சொல்கிறேன் அம்மா என்று ஒப்புக்கொண்டேன். அந்த ஒப்புதல்தான் பிறகு வகுப்பில் என்னை மாட்டிவிட்டது.

தனியே கூப்பிட்டு அறிவுரை சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவான். ஆகவே ‘வாழ்வியல் கணிதம்’ பாடவேளையில், யார் பெயரையும் சொல்லாமல், ‘கேமிங் டேப் வாங்கலாமா?’ என்று கரும்பலகையில் எழுதினேன். வழக்கம்போல் ஆறும் ஆறும் வந்தன. பெரிய திரை, வேகம், படிக்கவும் உதவும், நீண்ட நேரம் சார்ஜ் நிற்கும், நண்பர்களோடு விளையாடலாம், விளையாடிச் சம்பாதிக்கலாம் என்பவை ஒரு பக்கம். கண் கெடும், மூளை கெடும், நேரம் போகும், மின்கட்டணம் ஏறும், விலை அதிகம், வெளியே விளையாடமாட்டோம் என்பவை மறுபக்கம். ஆறுக்கு ஆறு சமம். “அப்போ முடிவு என்ன?” என்றேன். “அளவோடு பயன்படுத்தினால்…” என்று கோரஸாகத் தொடங்கினார்கள்.

ஒவ்வொரு வரியையும் சோதித்துவிட்டு அப்புறம் முடிவுக்கு வரலாம் என்றேன். மூன்று பாடவேளைகள் அதற்கே போயின.

மின்கட்டணத்தில் தொடங்கினோம், ஏனென்றால் அதுதான் எளிது. மாணவன் ஒருவன் கடைத் துண்டறிக்கை கொண்டுவந்திருந்தான் (எந்த மாணவன் என்று ஊகித்திருப்பீர்கள்). 11 அங்குலத் திரை, 120 ஹெர்ட்ஸ், 8000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி. 8000 மில்லி என்றால் 8 ஆம்பியர் மணி. இவ்வகை பேட்டரியின் மின்னழுத்தம் ஏறக்குறைய 3.85 வோல்ட். பெருக்கினால் 31 வாட் மணி. நம் வீட்டு மீட்டரில் ஒரு யூனிட் என்பது 1000 வாட் மணி. சார்ஜரில் வீணாவதைச் சேர்த்தாலும் ஒரு யூனிட்டில் 25 முறையாவது முழுதாக ஏற்றலாம். ‘மின்கட்டணம் ஏறும்’ என்ற வரியை அதை எழுதிய மாணவியே எழுந்து வந்து அழித்தாள். நான் இத்தனை ஆண்டுகளில் திருத்திய தாள்களில் இந்த வரிக்கு எத்தனை மதிப்பெண் போட்டிருப்பேனோ!

‘பெரிய திரை’ நல்ல கணக்காக அமைந்தது. கைபேசி 6.5 அங்குலம், டேப் 11 அங்குலம். எத்தனை மடங்கு பெரிது? எல்லோரும் ஒன்றே முக்கால் மடங்குக்குச் சற்றுக் குறைவு என்றார்கள். அங்குலக் கணக்கு மூலைவிட்டத்துக்கு உரியது என்பது பெரியவர்களுக்கே பல சமயம் தெரிவதில்லை. நீள அகல விகிதத்தைக் கொடுத்தேன்: கைபேசிக்கு 20:9, டேப்புக்கு 16:10. பிதாகரஸ் தேற்றத்தைப் போட்டு, பக்கங்களைக் கண்டு, சுண்ணக்கட்டியால் தரையில் இரண்டையும் வரைந்தார்கள். கைபேசித் திரை ஏறக்குறைய 16 சதுர அங்குலம், டேப் திரை 54. மூன்று மடங்குக்கும் மேல். இந்த நன்மை அவர்கள் நினைத்ததைவிடப் பெரிது என்று தெரிந்ததும் டேப் ஆதரவாளர்கள் கைதட்டினார்கள்.

அதே அளவு மறுபக்கமும் வேலை செய்தது. 11 அங்குல டேப் ஏறக்குறைய அரைக் கிலோ இருக்கும். சத்துணவு மையத் தராசில் பாடப்புத்தகங்களை வைத்து அரைக் கிலோவுக்குக் கட்டி, விளையாடும்போது பிடிப்பதுபோல் இரண்டு கைகளாலும் பிடித்து உட்காரச் சொன்னேன். சில நிமிடங்களில் முழங்கைகள் தொடைக்கு இறங்கின. பிறகு கழுத்துகள் குனிந்தன. “கழுத்து வலிக்குது டீச்சர்” என்ற குரல் வந்ததும் ‘கண் கெடும்’ என்ற வரிக்குப் பக்கத்தில் ‘கழுத்து’ என்று ஒருவன் எழுதினான். கண்ணுக்கு, 20 நிமிடத்துக்கு ஒருமுறை 20 அடிக்கு அப்பால் 20 வினாடி பார்க்கும் வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தேன். வகுப்பிலிருந்து 20 அடி எங்கே வருகிறது என்று அளந்து பார்த்ததில் வேப்பமரம் அகப்பட்டது.

‘வேகம்’ என்ற சொல்லை அவர்கள் எனக்கு விளக்கினார்கள். 60 ஹெர்ட்ஸ் திரை வினாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கும். ஒரு படம் நிற்பது சுமார் 17 மில்லி வினாடி. 120 என்றால் 8. ஆனால் திரை கேட்கும் வேகத்தில் உள்ளே இருக்கும் செயலி படங்களை வரைந்து தரவேண்டும். அது திணறினால் 120 என்பது அட்டைப்பெட்டியில் அச்சிட்ட எண்தான். நீண்ட நேரம் விளையாடிச் சூடேறினாலும் செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிடும், பெரும்பாலான டேப்களில் விசிறி கிடையாது. பேட்டரிச் சூட்டையும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு, 2014-இல் விற்பனைக்கு வந்த என்விடியா ஷீல்டு டேப்லெட்டைச் சொன்னேன். பேட்டரி அதிகமாகச் சூடேறும் ஆபத்து இருந்ததால் 2015-இல் அந்த நிறுவனமே அவற்றைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. தலையணை மேல் வைத்து சார்ஜ் போட்டபடியே விளையாடுவோர் யார் என்றேன். பாதிக் கைகள் உயர்ந்தன.

‘விளையாடிச் சம்பாதிக்கலாம்’ என்பதைச் சிரித்துத் தள்ளிவிட எண்ணியிருந்தேன். பிள்ளைகள் விடவில்லை. சரி, பிரித்துப் பார்ப்போம் என்றேன். பணம் கட்டி ஆடுவதைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாடு 2022-லேயே சட்டம் இயற்றியது. 2025-இல் ஒன்றிய அரசின் சட்டம் இணையவழிப் பண விளையாட்டுகளைத் தடைசெய்தது. அதே சட்டம் மின்விளையாட்டை, அதாவது இ-ஸ்போர்ட்ஸை, தனியாக ஏற்றுக்கொள்கிறது. 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அதற்குப் பதக்கங்களும் இருந்தன. ஆகவே வரி முழுப்பொய் இல்லை. ஆனால் பணம் உள்ளே வருவதற்கு முன் வெளியே போகும் வழிகளைக் கேட்டேன். விளையாட்டுக்குள் விற்கும் உடை, துப்பாக்கி, ‘டைமண்ட்’ என்று பட்டியல் நீண்டது. அப்பாவின் கணக்கிலிருந்து 80 ரூபாய் போனதை ஒருவன் சொன்னான். இன்னொருவன் தொகையைச் சொல்ல மறுத்துவிட்டான்.

‘மூளை கெடும்’ என்று எழுதியவர்களிடம் எப்படித் தெரியும் என்றேன். “நீங்கதானே டீச்சர் சொன்னீங்க” என்றார்கள். சொல்லியிருப்பேன். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்று, 2022 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நோய் வகைப்பாட்டில் ‘விளையாட்டுக் கோளாறு’ இடம்பெற்றிருக்கிறது. அதில் இத்தனை மணிநேரம் என்று எல்லை போடவில்லை. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும்விட விளையாட்டை முன்வைத்தல், கெடுதல் வந்தும் தொடர்தல் ஆகிய மூன்றும் சேர்ந்து, பொதுவாக ஓராண்டாவது நீடிக்கவேண்டும். ஆக, ‘மூளை கெடும்’ என்பதை அழித்து ‘நிறுத்த முடியாமல் போகலாம்’ என்று எழுதினோம். இந்த வரியில் பயமுறுத்தல் குறைவு, உண்மை அதிகம்.

இரண்டாம் பாடவேளையின் முடிவில் முன்வரிசைச் சிறுமி கேட்டாள்: “டீச்சர், நீங்க வாங்கக்கூடாதுன்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டீங்கதானே? கெட்டது வந்தா நீங்க பெருசா எழுதுறீங்க.”

கரும்பலகையைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. வலப்பக்க எழுத்துகள் இடப்பக்கத்தைவிடக் கொழுத்திருந்தன.

மறுநாள் சுண்ணக்கட்டியை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். தலைக்கு 20 புளியங்கொட்டை. மிஞ்சிய வரிகளைத் தாள்களில் எழுதித் தரையில் பரப்பினோம். உனக்கு எது எவ்வளவு முக்கியமோ அவ்வளவு கொட்டையை அதன்மேல் வை, ஒன்றும் வைக்காமலும் விடலாம் என்பது விதி. இரண்டு வரிகளை எண்ணிக்கையில் சமமாகப் பார்த்தவர்கள், ஒன்றின்மேல் 9 கொட்டையும் மற்றதன்மேல் 1-ம் வைக்க நேர்ந்தபோது வெகுநேரம் தயங்கினார்கள். வீட்டில் கைபேசியே இல்லாத பெண் ‘படிக்கவும் உதவும்’ என்பதில் 12 வைத்தாள். வீட்டில் இரண்டு கைபேசி உள்ளவன் அதில் ஒன்றும் வைக்கவில்லை. இருவருக்கும் ஒரே விடைக்குறிப்பை வைத்துத் திருத்த முடியுமா என்று அன்று யோசித்தேன்.

அந்த மாணவன் கொட்டைகளைக் கையில் வைத்தபடி நின்றான். “டீச்சர், இதுல இல்லாதத எழுதலாமா?” எழுதலாம் என்றேன். ‘அண்ணனோடு விளையாடலாம்’ என்று எழுதி 14 கொட்டைகளை வைத்தான்.

அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறான். இரவு ஒன்பது மணிக்கு அரைமணி நேரம் ஓய்வு. ஒரே அணியில் விளையாடிக்கொண்டே பேசுவார்களாம். வெறுமனே போன் செய்தால் ‘சாப்டியா, படிச்சியா’ என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. வீட்டில் இருப்பது அப்பாவின் கைபேசி ஒன்றுதான். லோடு வேன் ஓட்டும் அப்பா திரும்ப இரவு பத்தாகும். அண்ணனோடு விளையாடி நான்கு மாதம் ஆகிறது. இதை அவன் தாயும் என்னிடம் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்திருக்காது. வகுப்பும் எதிர்பார்க்கவில்லை. அடுத்த வரிசைக்காரன் தன் கொட்டைகளில் இரண்டை எடுத்து அந்தத் தாளில் வைத்தான். விதிமீறல்தான், நான் பார்க்காததுபோல் இருந்துவிட்டேன்.

பிறகு முன்வரிசைச் சிறுமியே அவனிடம் கேட்டாள்: “உங்கண்ணன் எதுல விளையாடுது?” சாதாரண போனில்தான். “அப்ப ஒனக்கு மட்டும் எதுக்கு 120 ஹெர்ட்ஸ்?” அவன் பதில் சொல்லவில்லை. 14 கொட்டைகள் விழுந்தது ‘ஒன்பது மணிக்கு வீட்டில் ஒரு கருவி’ என்பதற்கு. ‘கேமிங்’ என்ற சொல்லுக்காக வைத்தவை இரண்டுதான். இந்தப் பிரிப்பை நான் செய்திருந்தால் அறிவுரை ஆகியிருக்கும்.

துண்டறிக்கையில் மிச்சமிருந்தது தவணை. ‘மாதம் 2,200 மட்டும், 12 மாதம்.’ மொத்தம் 26,400. கூடுதல் 2,400, அதாவது 10 சதவீதம் என்று உடனே சொன்னார்கள். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறதே? அசலை மாதம் 2,000 என்று வைத்து, நிலுவையை 24,000, 22,000, 20,000 என்று இறங்குவரிசையில் எழுதிக் கூட்டினால் 1,56,000. அதற்கு 2,400 என்பது மாதம் ஏறக்குறைய ஒன்றரை சதவீதம், ஆண்டுக்கு 18. கூட்டுத்தொடரை இன்னும் படிக்காதவர்கள் பன்னிரண்டு எண்களையும் விரல்விட்டுக் கூட்டிக் கண்ட விடை இது. வீட்டில் காட்டக் கணக்கைத் தனித்தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனவர்கள் ஏழெட்டுப் பேர். தவணைகள் அந்த வீடுகளிலும் ஓடிக்கொண்டிருக்கின்றன போலும்.

அவன் தாயிடம் போய், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை என்பதை ஒப்புக்கொண்டேன். அண்ணன் விஷயத்தைச் சொன்னபோது சற்று நேரம் பேசாமல் இருந்தார். “பெரியவன் எங்கிட்டயும் நாலு வார்த்தைதான் பேசுறான்” என்றார்.

அண்ணன் விட்டுப்போன பழைய போன் ஒன்று பீரோவில் கிடக்கிறதாம், டிஸ்ப்ளே போய்விட்டது. மாற்ற எவ்வளவு ஆகும் என்று பேருந்து நிலையத்துக் கடையில் விசாரித்து வரச் சொல்லியிருக்கிறேன். மூன்று நாளாகிறது. மழை டீச்சர் என்கிறான். துண்டறிக்கை இன்னும் அவன் கணக்குப் புத்தகத்துக்குள்தான் இருக்கிறது.