கொரியன் கஷ்டமா, தமிழ் கஷ்டமா?

ஊத்துக்கோட்டையில் ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருப்பதால் தெலுங்கு நமக்குப் புதிதல்ல. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் கொரியாவின் ஹூண்டாய் கார் தயாரிக்கத் தொடங்கிய பிறகு, கம்பெனி வேலைக்குப் போகிற பிள்ளைகளின் மெயிலில் கொரியனும் எட்டிப் பார்க்கிறது. உபுண்டு லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரில் திறந்தால் சில நேரம் வெறும் கட்டம்தான் தெரியும். அதைச் சுற்றி ஏகப்பட்ட கதைகள்.

நம்பிக்கை: ஃபைல் கெட்டுவிட்டது, இல்லாவிட்டால் வைரஸ்.

உண்மை: ஃபைல் நன்றாகவே இருக்கிறது. எழுத்தின் எண் வந்துவிட்டது, அதை வரைய ஃபாண்ட் இல்லை. நோட்டோ சிஜேகே, கொரியாவின் நேவர் நிறுவனம் வெளியிட்ட நானும் (பெயரே அதுதான்) இரண்டும் இலவசம், உபுண்டுவின் மென்பொருள் கிடங்கிலேயே கிடைக்கும். சிஸ்டத்தைக் கொரிய மொழிக்கு மாற்ற வேண்டியதில்லை. கொரியனில் டைப் அடிக்க மட்டும் ஐபஸ் ஹங்குல் தனியாக வேண்டும்.

நம்பிக்கை: தமிழ் கம்ப்யூட்டருக்கு எளிது, கொரியன்தான் கஷ்டம்.

உண்மை: நேர் தலைகீழ். கொரியனின் அடிப்படை எழுத்து 24. அவற்றின் இரட்டை, கூட்டு வடிவங்களையும் சேர்த்து முதல், நடு, கடை என அடுக்கினால் 19 × 21 × 28 = 11,172 அசைகள். 1996-ல் வந்த யூனிகோட் 2.0 அத்தனைக்கும் தனித்தனி எண் கொடுத்துவிட்டது. எண்ணுக்குரிய படத்தை எடுத்து வைத்தால் வேலை முடிந்தது. தமிழ் எழுத்துகளுக்கு ஒதுக்கியதோ 128 இடம். 'கொ' என்று காட்ட, 'க'வுக்கு முன்னால் கொம்பும் பின்னால் காலும் வைக்கும் வேலையை ஹார்ஃப்பஸ் போன்ற நிரல் ஒவ்வொரு முறையும் செய்தாக வேண்டும். 2010-ல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றபோது, எழுத்துக்கு ஓர் எண் தரும் டேஸ்16-ஐயும் மாற்றுத் தரமாக அறிவித்தது இந்த ஆதங்கத்தில்தான். ஆதங்கம் நியாயம், ஆனால் இன்றைய லினக்ஸில் அந்தக் கோக்கும் வேலை கண்ணுக்கே தெரியாமல் நடந்துவிடுகிறது.

நம்பிக்கை: ஃபாண்ட் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: கட்டம் மட்டும் சரியாகும். கட்டத்துக்குப் பதில் தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகள் குவிந்திருந்தால், அது பழைய கொரிய விண்டோஸின் சிபி949 குறியேற்றத்தில் சேமித்த ஃபைல். பாமினி என்ற பழைய தமிழ் ஃபாண்டில் பழகியவர்கள் ஏமாறுவது இங்கேதான். அங்கே ஆங்கிலக் குப்பையாகத் தெரிந்ததை ஃபாண்டே தமிழாக்கிக் காட்டியது. இங்கே எத்தனை ஃபாண்ட் போட்டாலும் குப்பை குப்பையாகவே இருக்கும். ஐகான்வ் கட்டளையால் சிபி949-லிருந்து யுடிஎஃப்-8-க்கு மாற்றித் திறக்க வேண்டும்.